வர்த்தக நாமமும் எழுத்தாளன் பெயரும்: கொழும்புத் தமிழ்ச் சூழலை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

இலக்கியத்தின் சமூக அடிப்படைகளை ஆராய்வோர் நூலைப் பற்றியும் நூலாசிரியனது வர்க்கச் சார்பைப் பற்றியும் விரிவாகவே எழுதியுள்ளனர். நூலாசிரியனது பெயர் எவ்வாறு உற்பத்தியாகிறது என்னும் வினாவுக்கு அத்துணை கவனம் கிடைத்ததில்லை. நூலின் முகப்பிலே அச்சாகும் பெயர் பெற்றோர் இட்டதாயினும், தானே சூடிக்கொண்டதாயினும், சமூகத்திற் புழங்கத் தொடங்கிய பின்னர் அது தனியொருவரது உடைமையாக மட்டும் இருப்பதில்லை. அச்சிடுபவர், விற்பவர், மேடையிலே விதந்துரைப்பவர், மறுத்துரைப்பவர் ஆகிய பலரது உழைப்பும் அதிலே படிகிறது. அண்மைக் காலத்தில் இணையத்தின் வழியே பரவியுள்ள ‘தனிநபர் வர்த்தக நாமம்’ என்னும் கருத்து இவ்வினாவைத் தவிர்க்கவியலாதவாறு எம்முன் நிறுத்தியுள்ளது.

ஆங்கிலத்திலே ‘பிராண்ட்’ எனப்படுவதை இலங்கைத் தமிழ் வணிகவுலகம் ‘வர்த்தக நாமம்’ என்று பெயர்த்துக்கொண்டது. சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் உரியதாயிருந்த அத்தொடர் இன்று மனிதருக்கும் உரியதாகிவிட்டது. வெள்ளவத்தையிலே காலி வீதியின் இருமருங்கும் காணப்படும் தனியார் கல்வி நிலையங்களின் பலகைகள் ஒரு காலத்தில் உயர்தர வகுப்புகளையும் ஆங்கிலத்தையும் கணக்கியலையும் விற்றன. இன்று ஆளுமை விருத்தியும் அவற்றோடு சேர்ந்து விலைக்கு வருகிறது. பட்டம் பெற்று வெளியேறும் இளைஞருக்குக் கூறப்படும் அறிவுரை ஏறத்தாழ ஒரே தன்மையது: லிங்க்ட்இன் தளத்திலே நல்லதொரு படத்தை இடு; நீ யார் என்பதை ஒரே வரியிற் சொல்; வாரந்தோறும் எதையேனும் எழுது; உன் பெயரைத் தேடுபவர் கண்ணிலே நீ படவேண்டும். கவிஞருக்கும் சிறுகதையாசிரியருக்கும் இதே அறிவுரை முகநூலை முன்னிட்டுக் கூறப்படுகிறது. (‘நாமம்’ என்னும் சொல்லுக்குத் தமிழிலே இன்னொரு வழக்கும் உண்டென்பதை மொழிபெயர்த்தவர்கள் மறந்துவிட்டனர் போலும். நாமம் சூட்டுதல் வேறு, நாமம் போடுதல் வேறு.)

இக்கருத்தின் பிறப்பிடம் தெளிவானது. 1997 ஓகஸ்டில் டொம் பீற்றர்ஸ் என்னும் அமெரிக்க முகாமைத்துவ எழுத்தாளர் ‘ஃபாஸ்ட் கம்பனி’ என்ற வணிகச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையே இதற்குக் கொடியேற்றியது. ஒவ்வொருவரும் தம்மை ஒரு நிறுவனமாகக் கருதித் தாமே அதன் தலைமை அதிகாரியாகவும் விளம்பர முகாமையாளராகவும் இயங்கவேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்கப் பெருநிறுவனங்கள் நிரந்தர ஊழியரைக் குறைத்துவந்த காலத்திலே இவ்வுபதேசம் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. நிறுவனம் தன் ஊழியருக்குச் செய்துவந்த காப்பைக் கைவிட்டபோது, அக்காப்பைத் தாமே தேடிக்கொள்வது சுதந்திரம் எனப் போதிக்கப்பட்டது. ஆயின் நிலைமை அதற்கும் மூத்தது. எரிக் ஃபிரொம் 1947இலேயே தன்னைப் பண்டமாக அனுபவிக்கும் மனிதனின் சந்தை நோக்குப் பற்றி எழுதினார். சீ. றைட் மில்ஸ் 1951இல் வெளியிட்ட வெண்கழுத்துப்பட்டை ஊழியர் பற்றிய நூலில், விற்பனைப் பெண்ணின் புன்னகைகூட அவளது முதலாளிக்குரியதாகிவிடுவதை விளக்கினார்.

இவ்விடத்தில் மார்க்சிடம் திரும்புதல் பயனுடையது. ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) அவர் வகுத்த வேறுபாடு ஒன்றுண்டு. தொழிலாளி விற்பது தன்னை அன்று, தன் உழைப்புச் சக்தியை. அதுவும் வரையறுத்த காலத்துக்கே. முழுவதையும் விற்றால் அவன் அடிமையாகிவிடுவான். ஆலைச் சங்கு ஊதியபின் அவன் தனக்கும் தன் குடும்பத்துக்கும் தன் சங்கத்துக்கும் உரியவன். எட்டு மணிநேர வேலைநாளுக்கான போராட்டம் இந்த எல்லையைப் பற்றிய போராட்டமே. தன்னையே வர்த்தக நாமமாக்கும் கோட்பாடு தகர்ப்பது இவ்வெல்லையைத்தான். நாமத்துக்கு விடுமுறை இல்லை. பிள்ளையின் பிறந்தநாள், தந்தையின் மரணம், வாசித்த நூல், பருகிய தேநீர் ஆகிய யாவும் அதன் மூலப்பொருளாகின்றன.

தமிழ் மரபு தன்னை முன்னிறுத்துதல் பற்றிச் சிந்திக்காத மரபன்று. பவணந்தியாரின் நன்னூற் பாயிரம், தன்னைத்தான் புகழ்தல் கற்றோர்க்குத் தகாது என்று விதித்தபின் விலக்குகளையும் வகுத்துக் கூறுகிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையிலே வாதில் வெல்லவேண்டிய வேளையில், எதிரி தன்னைப் பழித்தவிடத்து. இந்நான்கும் ஆழ்ந்து நோக்கற்பாலன. முதலாவது விலக்கு அரசவைக்கு விடுக்கும் ஓலை என்பது நிலமானிய சமுதாயத்துப் புலவனின் பொருளாதார அடிப்படையை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறது. நன்னூலே சீயகங்கன் என்னும் சிற்றரசனின் ஆதரவிற் பிறந்ததன்றோ? ஆயினும் நான்கிலும் பொதுவாக ஒன்றுண்டு. எதிரே ஒருவர் இருக்கிறார். மன்னனோ அறியாதவரோ எதிர்வாதியோ, தற்புகழ்ச்சிக்கு ஒரு முகவரி உண்டு. புகழ்ச்சி பொய்யென்றால் அவர் மறுத்துரைக்கவும் முடியும்.

புரவலனிடமிருந்து சந்தைக்கு நிகழ்ந்த மாற்றத்தைப் பாரதி என்ற ஒரே மனிதரின் இரண்டு ஆண்டுகளிலே காணலாம். 1919இல் அவர் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி விடுத்தார். நன்னூலின் முதலாவது விலக்கு அது. தம் புலமையைத் தாமே எடுத்துரைத்தார். 1920இல் தம் ஆக்கங்களை நாற்பது நூல்களாக, நூலொன்று பத்தாயிரம் பிரதிகளாக வெளியிடும் திட்டத்தை வகுத்து, அதற்குக் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். முன்னையது மன்னனை நோக்கியது, பின்னையது முகமறியா வாசகரை. இரண்டும் பலிக்கவில்லை. அவரது மரணத்தின் பின் அவ்வெழுத்துகள் தனியார் பதிப்புரிமையாகி, 1949இல் சென்னை அரசின் கைக்கு வந்து, பின்னர் மக்களின் பொதுவுடைமையாயின. அவர் கட்டிக்கொள்ள முயன்று தோற்ற பெயரை நிலைபெறச் செய்தது அவரது சுற்றறிக்கையன்று. பாடியவரும் பதிப்பித்தவரும் உரிமை கோரிப் போராடியவருமான ஒரு பெருங்கூட்டம்.

இலங்கையிலே, குறிப்பாகக் கொழும்பிலே, பெயரின் வரலாறு வேறொரு தடத்திற் சென்றது. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இங்கு எழுதிய தமிழரிற் கணிசமானோர் அரசாங்க உத்தியோகத்தர், எழுதுவினைஞர், ஆசிரியர். அவர்களது வாழ்க்கை நிலை நியமனக் கடிதத்தாலும் சேவை மூப்பாலும் ஓய்வூதியத்தாலும் தீர்மானிக்கப்பட்டது. பெயரை விளம்பரப்படுத்த வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. மறைக்க வேண்டிய தேவையே இருந்தது. தாபன விதிக்கோவை உத்தியோகத்தரின் வாய்க்குப் பூட்டிட்டது. இந்நிலையிலே புனைபெயர் ஓர் அழகியல் விருப்பு மட்டுமன்று, உழைப்புப் பிரிவினையின் விளைவுமாகும். காரியாதிகாரியாகக் கடமையாற்றிய த. சிவஞானசுந்தரம் ‘இலங்கையர்கோன்’ ஆனார். அரச சேவையிலிருந்த து. உருத்திரமூர்த்தி ‘மஹாகவி’ ஆனார். இப்பெயர்களிலே தன்னடக்கம் இருந்ததென்று எவரும் கூறமாட்டார். ஆயின் கந்தோரில் கையொப்பமிடும் பெயரும் கவிதையின் கீழ் நிற்கும் பெயரும் வேறாக இருந்தமை ஒருவகைச் சுதந்திரம். வயிற்றுக்காக விற்ற நாளின் எச்சத்திலே, விற்கப்படாத வேறொருவனாக அவன் எழுதினான்.

முற்போக்கு அணி தன்முன்னேற்றச் சிந்தனைக்கு முற்றிலும் புறம்பாக நின்றதெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அ.ந. கந்தசாமி (1924-1968) அவ்வணியின் முன்னோடிகளுள் ஒருவர்; ‘கவீந்திரன்’ என்ற பெயரிலே கவிதை எழுதியவர்; ‘மதமாற்றம்’ நாடகத்தின் ஆசிரியர். அவரே ‘வெற்றியின் இரகசியங்கள்’ என்ற வாழ்க்கை முன்னேற்ற நூலையும் எழுதினார். நாடகம் பேசப்படுமளவுக்கு இந்நூல் பேசப்படுவதில்லை. இதனை அவரது வழுவாகக் கருதி மறைப்பதிற் பயனில்லை. கூட்டு விடுதலையை நம்பிய ஒரு தலைமுறையினரும் தனிமனித முயற்சி என்னும் மத்தியதர வர்க்கக் கனவோடு ஒரே வீட்டிலேதான் வாழ்ந்தனர். அவ்வணியை எதிர்த்து ‘நற்போக்கு’ப் பேசிய எஸ். பொன்னுத்துரையோ இன்னொரு துருவம். ‘எஸ்.பொ.’ என்ற சுருக்கமே ஒரு முத்திரையாயிற்று. 2003இல் வந்த தன்வரலாற்றுக்கு ‘வரலாற்றில் வாழ்தல்’ என்று பெயரிடும் துணிவும் அவருக்கிருந்தது. எனினும் அவர் தம் பெயரைச் சண்டையாலே காத்தார். வாசகரை இழக்கும் சண்டைகளையும் அவர் தவிர்க்கவில்லை.

கொழும்புத் தமிழருக்குப் பெயர் என்பது இலக்கியப் பிரச்சினையாக மட்டும் இருந்ததில்லை. 1983 ஜூலையிலே ஒருவரது பெயரும் அவர் உச்சரிக்கும் ஒரு சொல்லும் அவரது உயிரைத் தீர்மானித்தன. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருந்தவர்களின் பெயர்கள் பொலிஸ் பதிவிலே இருந்தன. வீட்டிலிருப்போரின் பட்டியல், வந்த நோக்கம், திரும்பும் நாள் என்று அரசு அவர்களைப் பற்றிய ஒரு தன்விவரக் குறிப்பைத் தானே தயாரித்து வைத்திருந்தது. 2007 ஜூன் 7ஆந் திகதி அதிகாலையில் தலைநகரின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. அவர்கள் செய்த குற்றம் கொழும்பிலே ‘பிரசன்னமாக’ இருந்தமைதான். பெயர் தெரியாதிருத்தல் ஒரு பாதுகாப்பு என்னும் அறிவு இவ்வாறு ஒரு சமூகத்தின் எலும்பிலே ஏறியது. 1989 முதல் ‘தி ஐலண்ட்’ பத்திரிகையில் ‘தராக்கி’ என்ற புனைபெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராமுக்கு அப்பாதுகாப்பு நிலைக்கவில்லை. புனைபெயர் இயற்பெயரையும் விடப் புகழ் பெற்றது. 2005 ஏப்ரல் 28இல் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்ட அவர் மறுநாள் பிணமாக மீட்கப்பட்டார்.

அதே வெள்ளவத்தையில், அதே கொட்டாஞ்சேனையில், அவ்விடுதிகள் இருந்த வீதிகளிலே இன்று இளைஞரிடம் கூறப்படுவது: உன் பெயரை, முகத்தை, தொழிலை, கருத்தை எங்கும் தெரியும்படி வை. இவ்விரு கட்டளைகளுக்குமிடையே கழிந்தவை இரண்டு தசாப்தங்கள்கூட இல்லை. இந்த முரண்பாட்டை வர்த்தக நாமம் பற்றிய கைந்நூல்கள் அறியா. அமெரிக்க வாசகரை மனதிற் கொண்டெழுந்த அக்கைந்நூல்களிலே, பெயர் வெளிப்படுதலால் வரக்கூடிய மிகப் பெரிய தீங்கு வாய்ப்பொன்றை இழத்தல். இங்கு நிலைமை அவ்வாறன்று. 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, தாம் முகநூலில் இட்ட ஒரு சிறுகதைக்காகக் கைதாகி நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். குடியியல், அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென இயற்றப்பட்ட சட்டமே அவருக்கெதிராகப் பயன்பட்டது. 2020 மே மாதம் அஹ்னாஃப் ஜஸீம் தம் ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதியை முன்னிட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2021 டிசெம்பரிற் பிணை, 2023 டிசெம்பரில் விடுதலை. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. முகநூலோ அன்றாட வாழ்வில் வழங்கும் பெயரையே உபயோகிக்குமாறு தன் பாவனையாளரைக் கேட்கிறது. இலங்கையர்கோனும் தராக்கியும் இன்று கணக்குத் தொடங்க முனைந்தால் எந்தப் பெயரைக் கொடுப்பர் என்பது வெறும் கற்பனை வினாவன்று.

இதுவரை கூறியதிலிருந்து, பெயரை மறைப்பதே சிறந்தது என்றோ, பழைய நாட்கள் மேலானவை என்றோ முடிவு செய்தல் தவறாகும். பெயர் மறுக்கப்பட்டவருக்குப் பெயர் ஒரு போர்க்களம். இதற்குத் தக்க சான்று டொமினிக் ஜீவா.

1927இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, சாதியமைப்பினால் முடிதிருத்தும் தொழிலுக்கு விதிக்கப்பட்ட ஒருவர் எழுத்தாளராவது, அக்காலச் சைவ வேளாள யாழ்ப்பாணத்திலே, பெயர் தேடும் முயற்சியென்றே ஏளனம் செய்யப்பட்டிருக்கும். அவர் தம் தொழிலை மறைக்கவில்லை. சலூனையே இலக்கியம் பேசும் இடமாக்கினார். 1960இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். 1990களின் பிற்பகுதியிலிருந்து அது கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து, கொட்டாஞ்சேனையின் அயலிலிருந்து, வெளிவந்தது. சஞ்சிகையைப் பையிலிட்டுத் தோளிற் சுமந்து வீதியிலே நடந்து விற்றவர் அவர். 2021 ஜனவரியிற் கொழும்பிலே காலமானார். இன்றைய கைந்நூலொன்றைக் கொண்டு அளந்தால் ஜீவாவைவிடச் சிறந்த ‘தனிநபர் வர்த்தக நாம’ நிபுணர் ஈழத்திலே இருந்ததில்லை. அடையாளம் காணத்தக்க தோற்றம், ஓயாத பிரசன்னம், தன்வரலாறு, தன் பெயரோடு பிரிக்கவியலாத ஒரு சஞ்சிகை, யாவும் இருந்தன. மல்லிகை என்றால் ஜீவா, ஜீவா என்றால் மல்லிகை.

எனினும் ஒப்புமை இவ்விடத்தில் உடைகிறது. முதலாவதாக, ‘ஜீவா’ என்னும் பெயரே கடன். பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மீது கொண்ட ஈடுபாட்டினால் டொமினிக் என்ற பெயரோடு அது இணைந்தது. தனித்துவத்தை நிலைநாட்டுவதே வர்த்தக நாமத்தின் நோக்கமெனில், இது அதற்கு நேரெதிரானது. தன் பெயரிலேயே தன் இயக்கத்தைச் சுமத்தல். இரண்டாவது, மல்லிகையின் அட்டை. இதழ்தோறும் அட்டையிலே ஒருவரது முகம் அச்சாகும். உள்ளே அவரைப் பற்றி இன்னொருவர் எழுதுவார். எழுத்தாளர், கலைஞர், ஆய்வாளர் எனப் பலரும் இவ்வாறு வாசகர் முன் வந்தனர். அக்கட்டுரைகள் ‘அட்டைப்பட ஓவியங்கள்’, ‘மல்லிகை முகங்கள்’ எனப் பின்னர் நூல்களாகவும் தொகுக்கப்பட்டன. அட்டையில் இருப்பவர் தம்மைப் பற்றித் தாம் எழுதவில்லை என்பது இங்கு முக்கியமானது. நன்னூலின் விலக்கு எதுவும் தேவைப்படாத ஏற்பாடு அது. மூன்றாவதே அடிப்படையானது. சந்தாதாரரின் பெயரும் முகவரியும் சஞ்சிகையின் கைவசமே இருந்தன. வீதியிலே காசு கொடுத்து வாங்கியவரை ஜீவா முகத்தாலே அறிவார். கடன் சொன்னவரை இன்னும் நன்றாக அறிவார். எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையிலான உறவு அவ்விருவருக்குமே உரியதாயிருந்தது. இடையே ஒரு தபாற்கந்தோர் மட்டுமே நின்றது. கடிதத்துள் எழுதியதை அளந்து விற்பது அதன் தொழிலன்று.

மல்லிகையைக் குறையற்றதெனக் கூறவில்லை. முகங்களைக் கௌரவிக்கும் பழக்கம் ஆக்கங்களைக் கறாராக மதிப்பிடும் விமர்சனத்தை மழுக்கியதுமுண்டு. ஓர் எழுத்தாளர் அட்டைக்கு வந்தாரா என்பது அவர் என்ன எழுதினார் என்பதையும் விட முக்கியமாகிவிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. இந்நோய் கொழும்பிலே வெளியீட்டு விழாக்களில் முற்றியது. 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை மண்டபம் எத்தனையோ நல்ல நூல்களின் அரங்கேற்றத்தைக் கண்டது. அங்கு நடைபெறும் விழாவுக்கு ஒரு சடங்கு முறை உண்டு: மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை, நேரம் எஞ்சினால் நூலாய்வு. முதற்பிரதியைப் பெறும் வர்த்தகர் தமது ஓலைக்குரிய மன்னராகி விடுகிறார். ஆதலால் இணையம் வந்துதான் எழுத்தாளர் தம்மை விற்கத் தொடங்கினர் என்பது வரலாற்றறிவின்மை. சீட்டுக்கவியும் பொன்னாடையும் ஏற்கெனவே எம்மிடம் இருந்தன. புதியது எது என்பதே கேள்வி.

புதியது உடைமையிலே உள்ளது. முகநூலிலே ஐயாயிரம் நண்பர்களைக் கொண்ட கவிஞருக்கு அந்த ஐயாயிரம் பேரும் உரியரல்லர். அவரது கவிதை யார் கண்ணிற் படவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் கணிப்பு விதி. அதன் அளவுகோல் கவிதையன்று, விளம்பரம். கனடிய அரசியற் பொருளியலாளர் டலஸ் ஸ்மைத் 1977இல் ஒலிபரப்பு ஊடகங்களைப் பற்றி எழுதியபோது, அவை உற்பத்தி செய்து விற்பது நிகழ்ச்சிகளையன்று, பார்வையாளரையே என்று வாதிட்டார். அன்று நிகழ்ச்சியையாவது நிறுவனம் தன் செலவிலே தயாரித்தது. இன்று அதனையும் கவிஞர் கூலியின்றித் தயாரித்துக் கொடுக்கிறார். தம் பெயரைக் கட்டுவதாக எண்ணி அவர் செய்யும் உழைப்பிலே நிறுவனம் விற்கும் பண்டம் திரள்கிறது.

இவ்வுற்பத்தி முறை தனக்கேற்ற ஓர் இலக்கிய வடிவத்தையும் பெற்றெடுத்துள்ளது. விமர்சகர்கள் அதனை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்து ஆராய்தல் வேண்டும். அதன் இலக்கணம் இறுக்கமானது. தன்னைப் படர்க்கையிலே கூறுதல். ‘கவிஞர், ஆய்வாளர், ஊடகவியலாளர், சமூகச் செயற்பாட்டாளர்’ என்று பட்டங்களை அடுக்குதல். வருத்தத்தையும் ‘மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறேன்’ என்னும் தொனியிலே சொல்லுதல். தோல்வி என்பது வெற்றிக்கு முந்திய அத்தியாயமாக மட்டுமே இடம்பெறுதல். இதில் இல்லாதவற்றைக் கவனிப்பது இன்னும் பயனுடையது. இதிலே கடன் இல்லை. இன்னாரிடம் கற்றேன், இன்னாருடன் முரண்பட்டேன், இந்த இயக்கம் என்னை ஆக்கியது என்று சொல்லும் இடமில்லை. நன்றி உண்டு, அது பெயர்களின் பட்டியலேயொழியக் கதையன்று. முரண்பாடு இல்லாதவிடத்து வரலாறு இல்லை. இவ்வடிவம் பழகிய கை சிறுகதை எழுதும்போதும் அதே சமநிலையான, எவரையும் நோகச் செய்யாத, உடனே பாராட்டத்தக்க கதையையே எழுதுகிறது. இன்றைய ஈழத்துச் சிறுகதைகள் பலவற்றிலே முடிவு முன்கூட்டியே மனதை நெகிழ்விக்கத் தயாராக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கருத்து.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. கொட்டாஞ்சேனையில் அறையொன்றை வாடகைக்கு எடுத்திருக்கும் மலையக இளம் பெண், தமிழ்ச் சங்க மேடையிலோ பத்திரிகைக் கந்தோரிலோ எவரையும் அறியாதவர், தன் கவிதையை யாரிடம் கொடுப்பார்? பத்திராதிபரின் தயவும் பேராசிரியரின் முன்னுரையும் இன்றி அவரை வாசகரிடம் சேர்த்தது முகநூல்தான். 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்தவியலாது என்று அறிவித்து, ரூபாய் வீழ்ந்தபோது, வீட்டிலிருந்தவாறே வெளிநாட்டுக்கு வேலை செய்து டொலர் உழைத்த இளைஞருக்கு இணையத்திலுள்ள பெயரே முதலீடாயிற்று. இம்மறுப்பை ஏற்கிறோம். முதலாளித்துவம் பழைய தளைகளை அறுக்கும் என்பதை மார்க்சியர் மறுத்ததில்லை. சாதியும் சிபாரிசும் காவல் காத்த வாயிலிலும் இவ்வாயில் அகலமானதே. ஆயின் உள்ளே சென்றவர் எதனை எதிர்கொள்கிறார் என்பதையும் கூறவேண்டும். அப்வேர்க், ஃபைவர் முதலிய தளங்களிலே வேலை தேடுபவருக்கு வாடிக்கையாளர் இடும் நட்சத்திரங்களே கூலியைத் தீர்மானிக்கின்றன. வேறு தொழிலாளர் அவருக்குத் தோழரல்லர். அடுத்த வரியில் நிற்கும் போட்டி நாமங்கள்.

வெள்ளவத்தைக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிலிப் குணவர்த்தனாவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் அவர்களோடு நின்றனர். 1935இல் உருவான லங்கா சமசமாஜக் கட்சியின் வேர்களுள் ஒன்று அது. தலைவர்களின் பெயர்கள் எஞ்சின. தறியை நிறுத்தியவர்களின் பெயர்களை நாம் அறியோம். இந்த அநாமதேயத்தை இலட்சியமாக்குவது எளிது. ஆயின் அது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியுங்கூட. கவனிக்க வேண்டியது, பெயரற்ற அவர்களால் ஆலையை நிறுத்த முடிந்தது என்பதே. ஆயிரம் பின்தொடர்வோரைக் கொண்ட வடிவமைப்பாளர் ஒருவரால் இன்று எதனை நிறுத்த முடியும்? தன் கணக்கை மட்டுந்தான். அதனால் நட்டமடைபவரும் அவரே.

பல்கலைக்கழகத்தினர் இதற்குப் புறத்தே நின்று பேசும் உரிமையை இழந்துவிட்டனர். கூகிள் ஸ்கொலர் பக்கம், மேற்கோள் எண்ணிக்கை, தரவரிசை ஆகியவை எமது பதவியுயர்வோடும் எமது நிறுவனத்தின் கௌரவத்தோடும் பிணைக்கப்பட்டுவிட்டன. தமிழிலே எழுதப்படும் ஆய்வை அவ்வெண்ணிக்கை பெரும்பாலும் காண்பதில்லை. ஆகவே, கொட்டாஞ்சேனையின் கூத்துப் பற்றியோ வெள்ளவத்தையின் பேச்சுவழக்குப் பற்றியோ தமிழிற் கட்டுரை எழுதுவது பெயருக்கு உதவாத செயலாகிறது. கைலாசபதி பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் கலாநிதிப் பட்டம் பெற்று, அவ்வாய்வு ஆங்கிலத்திலே ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்த 1968ஆம் ஆண்டிலேயே ‘தமிழ் நாவல் இலக்கிய’த்தைத் தமிழில் வெளியிட்டார். இன்றைய அளவைகளின்படி பின்னையது வீண்முயற்சி. எமது இலக்கிய விமர்சனமோ ஏறத்தாழ முழுவதும் அந்த வீண்முயற்சியின் மீதே எழுந்துள்ளது.

தளங்களின் ஆயுளும் நிச்சயமற்றது. கூகிள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. தமிழர் பல ஆண்டுகள் இலக்கியம் விவாதித்த யாகூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டன. நாமங்கள் பலவும் உடன் சென்றன. மல்லிகையின் பழைய இதழ்கள் எஞ்சியிருப்பது வேறோரிடத்தில். 2005இலே தன்னார்வலர்களாற் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில், இணைப்புள்ள எவரும் அவற்றை விலையின்றித் திறந்து வாசிக்கலாம். அங்கு ‘ஆளுமை’ என்ற தலைப்பிலே ஆயிரக்கணக்கான பக்கங்களும் உள்ளன. எழுத்தாளர், ஆசிரியர், நாட்டு வைத்தியர், கூத்துக் கலைஞர், பேராசிரியர் ஆகியோர் அகரவரிசையிலே, ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிற்கின்றனர். குறிப்புகள் சிறியன; பிறந்த ஊர், பெற்றோர், செய்த பணி. எத்தனை பேர் பார்த்தனர் என்பதைக் கொண்டு எவரும் முன்னே நகர்த்தப்படுவதில்லை. ஜீவாவின் பக்கம் ‘ட’கர வரிசையில் டொமினிக் என்பதன் கீழே இருக்கிறது, அதனை எழுதியவரின் பெயரைத் தேடி எவரும் அங்கு செல்வதில்லை.